‘அந்த’ வார்த்தைக்கு இங்கிலீஷில் என்ன எழுதுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்குமூலம், விவாகரத்து மனு, மருத்துவமனைப் படிவம் என்று தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு சந்தேகத்தோடு வந்து நிற்பார்கள். கேட்கும்போது குரல் தானாகத் தாழும்: “அண்ணே, இதுக்கு இங்கிலீஷ்ல டீசன்டா என்ன போடறது?” கொச்சை எல்லாருக்கும் தெரியும், சினிமா சொல்லிக்கொடுத்துவிட்டது. தாளில் எழுதக்கூடிய சொல்தான் கைக்கு வராது. அப்படிக் கேட்கப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவை கீழே இருக்கின்றன. உடலைப் பற்றிய சொற்கள் வெளிப்படையாகவே வரும். வேலை அப்படி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ‘உடலுறவு கொண்டான்’ என்பதற்குக் கௌரவமான ஆங்கில வினைச்சொல் எது?

ஒற்றைச் சொல்லாக இல்லை. ‘ஹேட் செக்ஷுவல் இன்டர்கோர்ஸ் வித்’ என்றுதான் எழுத வேண்டும். அதில் வினை ‘ஹேவ்’ மட்டும்தான். மீதியெல்லாம் பெயர்ச்சொல்.

தமிழிலும் இதே கதைதானே? ‘உடலுறவு’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘கொள்’ சேர்க்கிறோம். ‘புணர்ந்தான்’ என்று ஒரு முழு வினை நம்மிடம் இருக்கிறது, ஆனால் எந்தக் காவல் நிலையத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? ஆங்கிலத்தில் செயப்படுபொருளை நேராக ஏற்கும், ஓரசையில் முடியும், எல்லாருக்கும் புரியும் வினை ஒன்று உண்டு. அதைத் தாளில் எழுத முடியாது என்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

அதனால் வினையைத் தேடி அகராதியைப் புரட்டுவதை விடுங்கள். முதலில் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள். அப்புறம் அதற்கு ‘ஹேவ்’ பொருந்துமா, ‘பெர்ஃபார்ம்’ பொருந்துமா, ‘என்கேஜ் இன்’ பொருந்துமா என்று பாருங்கள். கடைசியில் ‘வித்’ போடுவதா ‘ஆன்’ போடுவதா என்று முடிவு செய்யுங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சின்னச் சொல்லில்தான்.

இவ்வளவு பெரிய மொழியில் ஒரு நல்ல வினைகூடவா இல்லை?

இருந்தன. பயன்படுத்திப் பயன்படுத்தி ஒவ்வொன்றாக அழுக்காகிவிட்டன. ஆங்கிலக் கவிஞர் சாசரின் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டில், ‘ஸ்வைவ்’ என்று ஒரு வினை நடமாடியது. இன்று அது செத்த சொல். ‘ஆக்கியுபை’ என்ற அப்பாவிச் சொல்லுக்கு 16ஆம் நூற்றாண்டு வாக்கில் படுக்கையறைப் பொருள் ஒட்டிக்கொண்டது. ‘நல்ல சொல்லாக இருந்தது, கெட்ட சகவாசத்தில் மாட்டிக்கொண்டது’ என்ற பொருளில் ஷேக்ஸ்பியரின் பாத்திரம் ஒன்று அதைப் பற்றிப் புலம்புகிறது. அதற்குப் பின் நெடுங்காலம் கண்ணியமானவர்கள் அந்தச் சொல்லையே தொடாமல் இருந்தார்கள். இப்போது ரயில் கழிப்பறைக் கதவில்கூட அது சாதாரணமாக நிற்கிறது.

தாளில் எழுத முடியாது என்றேனே, அந்த நாலெழுத்துச் சொல்லை சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி விட்டுவிட்டது. 1884இல் தொடங்கி 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பதிப்பிலும் அது கிடையாது. 1972இல் வந்த துணைத்தொகுதியில்தான் உள்ளே நுழைந்தது.

சொந்தச் சொற்களை வெளியே தள்ளிவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேண்டுமே? லத்தீன் வந்தது. படித்த ஆண்களுக்கு மட்டும் தெரிந்த மொழி என்பதால் அது பாதுகாப்பாக இருந்தது. 1886இல் வெளியான, மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங்கின் பாலியல் மனநோய் நூலுக்குத் தலைப்பே லத்தீன். பாமரர் கையில் கிடைத்தாலும் புரியக்கூடாது என்று உள்ளே பல பகுதிகளையும் லத்தீனிலேயே எழுதிவைத்தார். இப்படி வந்த ‘கோஇட்டஸ்’, ‘ஃபெலேஷியோ’, ‘கன்னிலிங்கஸ்’ எல்லாம் பெயர்ச்சொற்கள். வினைகள் கூட வரவில்லை. நாம் இன்று முட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

ஒரு வேடிக்கை. லத்தீன் என்றால் கௌரவம் என்பது நம் கற்பனை. கி.பி. 79இல் எரிமலையில் புதைந்த பாம்பெய் நகரத்துச் சுவர்களில் ‘இன்னார் ஃபெல்லாட்’ என்று கரியால் கிறுக்கியும் கீறியும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் எழுதுவது போலத்தான். அங்கே கெட்ட வார்த்தையாக இருந்தது இங்கே மருத்துவச் சொல்லாகிவிட்டது.

அகராதியில் ‘காப்புலேட்’ என்று போட்டிருக்கிறதே, அதை எழுதினால் என்ன?

எழுதலாம், ஆடு மாடு பற்றியோ பூச்சி பற்றியோ என்றால். மனிதர்களைப் பற்றி எழுதினால் ஆய்வகத்தில் எலிகளைக் கவனித்துக் குறிப்பு எடுத்தது போல ஒரு தொனி வந்துவிடும். நகைச்சுவைக்காக வேண்டுமென்றே அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. மனுவில் நகைச்சுவை வேண்டாம்.

இன்னொன்று, அதற்கு ‘வித்’ கட்டாயம். ‘ஹி காப்புலேட்டட் ஹெர்’ என்பது பிழை.

ஆனால் அந்தச் சொல்லின் வேர் நமக்கு ரொம்பப் பக்கம். ‘கோப்புலா’ என்றால் லத்தீனில் கட்டு, இணைப்பு. ஆங்கில இலக்கணத்தில் எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் சொல்லுக்கும் ‘காப்புலா’ என்றுதான் பெயர். நிலைமொழியும் வருமொழியும் சேர்வதை நாம் என்ன சொல்கிறோம்? புணர்ச்சி. தொல்காப்பியத்தில் புணரியல் என்று தனி இயலே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் தமிழாசிரியர் ‘புணர்ச்சி விதி’ என்று கரும்பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சில் எழுந்த சிரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், இலக்கணத்துக்கும் கட்டிலுக்கும் ஒரே உருவகத்தை எடுத்திருக்கின்றன.

கால்நடை மருத்துவக் கட்டுரை ஒன்று மொழிபெயர்க்கிறேன். அங்கேயும் காப்புலேட்தானா?

பொதுவாக ‘மேட்’ போதும், நம் ‘இணைசேர்’ போல. ஆனால் ஆங்கிலப் பண்ணைக்காரர்கள் மிருகத்துக்கு ஒரு வினை வைத்திருக்கிறார்கள். பொலிக்குதிரைக்கு ‘கவர்’, பொலிகாளைக்கு ‘சர்வ்’, செம்மறிக் கிடாவுக்கு ‘டப்’, சேவலுக்கு ‘டிரெட்’. ‘பசுவைக் காளைக்கு விட்டோம்’ என்பதை ‘தி கௌ வாஸ் சர்வ்ட்’ என்று எழுதினால் அவர்களுக்கு உடனே புரியும். மனிதர்களுக்கு வைக்காத நேரடி வினைகளை மாட்டுக்கும் ஆட்டுக்கும் தாராளமாக வைத்திருக்கிறார்கள். பண்ணையில் வெட்கப்பட யாருக்கு நேரம்?

‘ஃபார்னிகேட்’?

தொடாதீர்கள். அதில் தீர்ப்பு கலந்திருக்கிறது. திருமணமாகாதவர்கள் செய்யும் பாவம் என்பதுதான் அதன் பொருள், பிரசங்க மேடைக்கு உரியது. ‘ஃபார்னிக்ஸ்’ என்றால் லத்தீனில் வளைவு. ரோமில் வளைவுகளுக்குக் கீழே இருந்த நிலவறைகளில் விலைமாதர் தொழில் நடந்ததால் வந்த சொல். கட்சிக்காரரின் மனுவில் இதைப் போட்டால் அவரை நீங்களே குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

‘தாம்பத்தியம் நடக்கவில்லை’ என்று மனுவில் இருக்கிறது. இதற்குத் தனிச் சொல் உண்டா?

உண்டு, இந்த ஒரு இடத்தில் ஆங்கிலம் நமக்குத் தோள் கொடுக்கிறது. ‘கான்சமேட்’. நிறைவு செய்தல் என்பது அதன் வேர்ப்பொருள். இந்து திருமணச் சட்டம், 1955இன் 12ஆவது பிரிவிலேயே அந்தச் சொல் இருக்கிறது: எதிர்மனுதாரரின் பாலியல் இயலாமையால் திருமணம் ‘கான்சமேட்’ ஆகவில்லை என்றால் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். இங்கிலாந்தின் 1973ஆம் ஆண்டு திருமண வழக்குகள் சட்டத்திலும் இதே சொல்தான்.

ஒரே எச்சரிக்கை. இதன் செயப்படுபொருள் திருமணம், ஆள் அல்ல. ‘ஹி டிட் நாட் கான்சமேட் ஹெர்’ என்று ஒரு வரைவில் பார்த்திருக்கிறேன். ‘தி மேரேஜ் வாஸ் நாட் கான்சமேட்டட்’ என்று மாற்றினோம். அதோடு, ஒரு முறை நடந்துவிட்டால் ‘கான்சமேட்’ முடிந்தது. ‘மூன்று வருடமாகத் தாம்பத்தியம் இல்லை’ என்று மனைவி சொன்னால் அது வேறு விஷயம், அங்கே இந்தச் சொல் வராது. முன்பு இருந்ததா, தொடக்கத்திலிருந்தே இல்லையா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். தமிழ் மனுவில் பெரும்பாலும் அது தெளிவாக இருக்காது.

‘கோஹாபிட்’ என்பதையும் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். அது சேர்ந்து வாழ்தல். ஒரே கூரையின் கீழ் என்பதுதான் முதல் பொருள்.

‘இன்டர்கோர்ஸ்’ என்று மட்டும் எழுதினால் போதாதா? முன்னால் ‘செக்ஷுவல்’ எதற்கு?

பேச்சில் போதும். சட்டத்தாளில் முழுசாகப் போடுங்கள். அந்தச் சொல் பிறந்தது வியாபாரத்தில். போக்குவரத்து, கொடுக்கல் வாங்கல் என்பதுதான் பழைய பொருள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் படுக்கையறைக்குள் வந்தது. பழைய கம்பெனி ஆவணங்களில் ‘கமர்ஷியல் இன்டர்கோர்ஸ்’ என்று பார்த்துத் திகைத்துப்போன ஒரு மாணவர் எனக்கு ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் செய்தார். வணிக உறவு தம்பி, தூங்கப் போங்கள் என்றேன்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு: ‘கிரிமினல் கான்வர்சேஷன்’. பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் இது குற்றப் பேச்சு அல்ல. அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்தவன்மீது கணவன் நஷ்டஈடு கேட்டுத் தொடுக்கும் வழக்கின் பெயர். 1857இல் அந்த வழக்கு முறையை ஒழித்தார்கள்.

‘செக்ஷுவல் ரிலேஷன்ஸ்’, ‘பிசிக்கல் ரிலேஷன்ஷிப்’ – இவை பாதுகாப்பானவை அல்லவா?

மழுப்புகிறவருக்குப் பாதுகாப்பு. எழுதுகிற நமக்கு ஆபத்து.

1998 ஜனவரி 26 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் விரலை ஆட்டி ஆட்டி, அந்தப் பெண்ணோடு, அதாவது மோனிகா லெவின்ஸ்கியோடு, எனக்கு ‘செக்ஷுவல் ரிலேஷன்ஸ்’ இல்லை என்றார். பிறகு என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். அவர் தரப்பு வாதம் முழுக்க அந்தச் சொற்றொடரின் எல்லை எது என்பதில்தான் தொங்கியது: வாய்வழி உறவு அதில் அடங்குமா, அடங்காதா? அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவ சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. 1991இல் ஒரு பல்கலைக்கழகத்தின் 599 மாணவர்களிடம் கேட்டுச் சேகரித்த பதில்கள். எதைச் செய்திருந்தால் ‘செக்ஸ் வைத்துக்கொண்டேன்’ என்று சொல்வீர்கள் என்பது கேள்வி. வாய்வழி மட்டும் என்றால் அது செக்ஸ் கணக்கில் வராது என்றவர்கள் 59 சதவீதம். அதிபர் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்து அந்தக் கட்டுரையை வெளியிட்டதற்காக இதழின் ஆசிரியரை வேலையை விட்டே அனுப்பினார்கள். ஒரு வினைச்சொல்லின் பொருளால் வேலை போனவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். ‘பிசிக்கல் ரிலேஷன்ஸ்’ என்பது இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன சொல், இந்தி வாக்குமூலங்களின் நேர்மாற்று. அந்தச் சொற்றொடர் ஒன்றை மட்டும் வைத்து உடலுறவு நடந்தது என்ற முடிவுக்குத் தாவ முடியாது என்று 2024 இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சாட்சி தெளிவாகச் சொன்னதை நாம் நாகரிகம் பார்த்து ‘பிசிக்கல் ரிலேஷன்ஸ்’ என்று மழுப்பினால், வழக்கின் காலை நாமே ஒடிக்கிறோம்.

சட்டத்தில் எந்த வினைகள் இருக்கின்றன?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆவது பிரிவு பாலியல் வன்புணர்வை ‘செக்ஷுவல் இன்டர்கோர்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லை வைத்துத்தான் வரையறுத்தது. அந்தச் சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கும் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004இல், சாக்ஷி வழக்கில், அதை விரித்துப் பொருள்கொள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது. கையால், பொருளால், வாயால் நடந்த கொடுமைகள் எல்லாம் வரையறைக்கு வெளியிலேயே நின்றன. 2012 தில்லி கூட்டு வன்புணர்வுக்குப் பின் அமைத்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த 2013 திருத்தம் அந்தப் பெயர்ச்சொல்லை வரையறையிலிருந்து எடுத்துவிட்டு நான்கு வினைகளை வைத்தது: ‘பெனிட்ரேட்ஸ்’, ‘இன்சர்ட்ஸ்’, ‘மானிப்புலேட்ஸ்’, ‘அப்ளைஸ் ஹிஸ் மௌத் டு’. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவிலும் அவையேதான்.

நான்கில் ஒன்றுகூடப் பாலியல் சொல் அல்ல என்பதைக் கவனியுங்கள். துளை போடும் இயந்திரத்துக்கும் பொருந்தும் வினைகள். உறுப்புகளின் பெயரைச் சேர்த்தால்தான் பொருள் வருகிறது. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு பாலியல் குற்றச் சட்டமும் இதே வழிதான். கண்ணியமான சொல்லைத் தேடித் தேடி அலைந்த சட்டம், கடைசியில் எது எங்கே நுழைந்தது என்று அப்பட்டமாகச் சொல்வதே கண்ணியம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் சரி.

இலக்கணப் பித்தர்களுக்கு ஒரு துணுக்கு. இங்கிலாந்துச் சட்டத்தில் ‘பெனிட்ரேட்’ என்பதன் செயப்படுபொருள் பெண்ணுறுப்பு, ஆசனவாய் அல்லது வாய். ஆணுறுப்பு ‘வித்’ போட்டுக் கருவியாக வருகிறது. அதுதான் ஆங்கில வழக்கு. இந்தியச் சட்டமோ ‘பெனிட்ரேட்ஸ் ஹிஸ் பீனிஸ் இன்டு’ என்று எழுதுகிறது. ‘நுழைக்கிறான்’ என்ற நம் வினையின் நடையில் ஆங்கிலச் சொல்லை ஓட்டியிருக்கிறார்கள். சட்டத்தை மேற்கோள் காட்டும்போது அப்படியே விடுங்கள். சொந்தமாக எழுதும்போது இங்கிலாந்து வழியில் போங்கள்.

‘கார்னல் இன்டர்கோர்ஸ்’ என்று பழைய தீர்ப்புகளில் வருகிறது. இப்போதும் எழுதலாமா?

இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 377ஆவது பிரிவின் சொல் அது, இயற்கைக்கு மாறான ‘கார்னல் இன்டர்கோர்ஸ்’. ‘கார்னல்’ என்றால் சதை சார்ந்தது. வயதுவந்தவர்கள் மனம் ஒத்து ஈடுபடுவதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. மேற்கோளுக்கு வெளியே அந்தச் சொல்லுக்கு இப்போது வேலை இல்லை. பெண்களைப் பற்றிய முன்முடிவுகளைக் களைய 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு கையேடே போட்டது. ‘ஈவ் டீசிங்’, ‘அடல்ட்ரெஸ்’ போன்றவற்றுக்கு மாற்று தரும் அட்டவணை அதில் இருக்கிறது. மேசையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘கார்னல் நாலெட்ஜ்’ என்பதன் பின்னால் பைபிள் இருக்கிறது. ‘ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்’ என்று தமிழ் வேதாகமத்திலேயே படித்திருப்பீர்கள். எபிரேயத்தில் அறிதல் என்ற வினைதான், 1611இன் ஆங்கிலத்தில் ‘நியூ’, தமிழில் ‘அறிந்தான்’. இத்தனை மொழிகளைத் தாண்டி வந்தும் கெடாத ஒரே இடக்கரடக்கல் இதுதான் என்று நினைக்கிறேன்.

‘சாடமைஸ்’ என்பதும் பைபிள் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது, சாபத்தோடு வந்தது. ‘பகர்’ என்ற வசைக்கு வேர் பல்கேரியர் என்ற சொல். அந்தப் பக்கத்து மதவிரோதிகள்மீது சுமத்திய பழி. 1533இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டமே அந்தப் பெயரில் இருந்தது. இன்று இரண்டும் வேண்டாம். ‘ஏனல் இன்டர்கோர்ஸ்’ என்று எழுதினால் யாரையும் இழிவு செய்ததாகாது. பலவந்தம் என்றால் மேலே சொன்ன ‘பெனிட்ரேட்’.

வாய், கை – இவற்றுக்கு?

ஆணுக்கு வாயால் என்றால் ‘ஃபெலேட்’ என்ற வினை இருக்கிறது, செயப்படுபொருளை நேராக ஏற்கும். பெயர்ச்சொல்லிலிருந்து பின்னோக்கி வெட்டி எடுத்த வினை. எழுத்தில் செல்லும், ஆனால் கொஞ்சம் காட்சிக்கு வைத்த மாதிரி இருக்கும். பெண்ணுக்கு என்றால் புழக்கத்தில் வினையே கிடையாது, ‘பெர்ஃபார்ம் கன்னிலிங்கஸ் ஆன்’தான். லத்தீனில் அந்தச் சொல் செயலைக்கூடக் குறிக்கவில்லை, செய்கிற ஆளைக் குறித்தது. பொதுவாக இரண்டுக்கும் ‘ஓரல் செக்ஸ்’ என்று எழுதிவிடலாம். யார் யாருக்கு என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

கைக்கு ‘மாஸ்டர்பேட்’. அபூர்வமாக இது ஒரு நல்ல வினை. தனியாகவும் நிற்கும், செயப்படுபொருளையும் ஏற்கும். ‘ஓனனிசம்’, ‘செல்ஃப் அப்யூஸ்’ எல்லாம் பயமுறுத்திப் பணம் பறித்த காலத்துச் சொற்கள். நம் ஊர் லாட்ஜ் வைத்தியர் விளம்பரங்களை ஆங்கிலத்தில் போலி செய்ய வேண்டுமானால் உதவும்.

பலவந்தமாக நடந்ததையும் ‘ஹேட் இன்டர்கோர்ஸ் வித்’ என்று எழுதலாமா?

தவிருங்கள். ‘வித்’ என்றால் கூட. கூட என்றாலே இரண்டு பேரும் சேர்ந்து என்ற நிழல் விழுகிறது. ‘அவளை வாயால் செய்ய வைத்தான்’ என்பதை ‘ஷி பெர்ஃபார்ம்ட் ஓரல் செக்ஸ் ஆன் ஹிம்’ என்று எழுதினால் வாக்கியத்தின் எழுவாய் அவள் ஆகிவிடுகிறாள். செய்தவள் அவள், வாங்கிக்கொண்டவன் அவன்! பலவந்தம் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விட்டது. ‘ஹி ஃபோர்ஸ்ட்’ என்று அவனை எழுவாயாக்கித் தொடங்குங்கள். நாகரிகம் கருதி எழுதிய ஒரு வினை பொய்சாட்சி ஆகும் இடம் இது.

நானும் சறுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ‘ஆசை காட்டி அனுபவித்துவிட்டான்’ என்பதை ‘ஹி என்ஜாய்ட் ஹெர்’ என்று எழுதிக் கொடுத்தேன். வக்கீலம்மா அந்த வரிக்கு அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டு, “பிரியாணியா தம்பி?” என்று கேட்டார். காது இன்னும் சுடுகிறது. திருமண ஆசை காட்டி ஏமாற்றி உறவு கொள்வதற்கு இப்போது சன்ஹிதாவில் 69ஆவது பிரிவே இருக்கிறது. சாட்சியைக் கேட்டுத் தெளிந்து, அந்தப் பிரிவின் சொல்லான ‘செக்ஷுவல் இன்டர்கோர்ஸ்’ஐ எழுத வேண்டிய இடம் அது.

‘கெடுத்துட்டான்’, ‘தப்பா நடந்துக்கிட்டான்’, ‘ஒண்ணா இருந்தோம்’, ‘உல்லாசம்’ – இவற்றை எப்படி மாற்றுவது?

நாலும் நாலு விதம். ‘கெடுத்துட்டான்’ பெரும்பாலும் வன்புணர்வுதான், ஆனால் காதலித்துக் கைவிட்டவனையும் அப்படிச் சொல்வார்கள். ‘தப்பா நடந்துக்கிட்டான்’ என்பதில் கையைப் பிடித்து இழுத்ததிலிருந்து எல்லாமே அடங்கும். இரண்டையும் நீங்களாக ‘ரேப்’ என்று உயர்த்தவும் கூடாது, ‘மிஸ்பிஹேவ்ட்’ என்று தாழ்த்தவும் கூடாது. எழுதி வாங்கியவரிடம் திருப்பிக் கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால் சாட்சியின் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுத்துப்பெயர்த்து, பக்கத்தில் நேர்ப்பொருளைக் கொடுங்கள்.

‘ஒண்ணா இருந்தோம்’ என்பதைத் தம்பதி சொன்னால் குடித்தனம், காதலர்கள் சொன்னால் உடலுறவு. ‘உல்லாசமாக இருந்தனர்’ என்பது தினசரிப் பத்திரிகைகளின் கண்டுபிடிப்பு. உயிரோடு இருக்கும் எந்த மனிதரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. செய்தியை மொழிபெயர்த்தால் ‘ஹேட் செக்ஸ்’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

‘மானபங்கம்’ என்பதற்குச் சட்டச் சொல்லே இருக்கிறது, ‘அவுட்ரேஜ் ஹெர் மாடஸ்டி’. முன்பு 354, இப்போது 74ஆவது பிரிவு. ‘கற்பழிப்பு’ என்று பழைய ஆவணத்தில் இருந்தால் ‘ரேப்’ மட்டுமே. கற்பை ஆங்கிலத்துக்கு ஏற்றுமதி செய்ய வேண்டாம்.

கெட்ட வார்த்தையையே எழுத வேண்டிய இடம் உண்டா?

உண்டு. நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில், பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவதற்கான பழைய 294(பி), இப்போதைய 296ஆவது பிரிவு போட்டால் எதிரி திட்டிய சொல்லை அப்படியே பதிவு செய்வார்கள். என்ன சொன்னான் என்பதுதான் அங்கே குற்றமே. அதை ‘ஹி ரெஃபர்ட் டு மை மதர் இன் கோஇட்டல் டெர்ம்ஸ்’ என்று மாற்றினால் நீதிபதி சிரிப்பார், வழக்கும் சிரிப்பாகும். நாலெழுத்துச் சொல்லை முழுசாக எழுதுங்கள். புள்ளி வைத்து மறைப்பதா என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும்.

மருத்துவமனைப் படிவத்தில் எந்த மாதிரிச் சொல் வேண்டும்?

சட்டத்தைவிட எளியது. ‘ஹேவ் செக்ஸ்’ போதும். நல்ல மருத்துவர்கள் அதைத்தான் பேசுகிறார்கள். எச்.ஐ.வி. ஆலோசனையில் நீ யார் என்று கேட்பதைவிட என்ன செய்தாய் என்று கேட்பதுதான் உதவும். ‘ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்’ என்ற தொடரே அப்படித்தான் வந்தது, அடையாளத்தை விட்டுவிட்டு வினையைப் பிடித்தார்கள். ‘இன்சர்ட்டிவ்’, ‘ரிசெப்டிவ்’ என்ற இரண்டு பெயரடைகள் அங்கே நிறைய வரும், நுழைப்பவர், ஏற்பவர்.

19ஆம் நூற்றாண்டு நாவலில் ஒரு கனவான் சாப்பாட்டு மேசையில் ‘இஜாக்குலேட்டட்’ என்று இருக்கிறதே!

சட்டென்று கத்தினார், அவ்வளவுதான். ‘ஜாக்குலம்’ என்றால் எறிவேல். சொல்லை எறிந்தாலும் அதுவே வினை. அதே காலத்து நாவலில் ஒருவர் ஒரு பெண்ணிடம் ‘மேட் லவ்’ என்றால், தோட்டத்தில் உட்கார்ந்து காதல் மொழி பேசினார் என்று பொருள். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே இருந்திருப்பார்.

இவற்றை நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தால்?

வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. ‘கோ-இ-டஸ்’ என்று மூன்று அசையாகச் சொல்லலாம், ‘கோய்டஸ்’ என்றும் சொல்கிறார்கள். ‘ஃபெ-லே-ஷி-யோ’. ‘கன்னிலிங்கஸ்’ என்பதில் மூன்றாவது அசைக்கு அழுத்தம். அதில் நம் கன்னியும் இல்லை, லிங்கமும் இல்லை. ‘லிங்கெரே’ என்றால் லத்தீனில் நக்குதல். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை எழுத்தர் ஒருவர் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியபடியே தட்டச்சு செய்து, ஏதோ கோயில் பெயர் என்று நினைத்து முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தார். பிரதி கையெழுத்தாவதற்கு முன் கண்ணில் பட்டது.